கடல் கடந்த கல் வீடு: கட்டுமுன் உட்கார்ந்து எண்ணுங்கள்



நம்முடைய பெற்றோர் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து ரயிலேறி மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்தார்கள். ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கிய நாட்களை அவர்கள் இன்றும் சாட்சியாகச் சொல்லுகிறார்கள். அந்த அறைகளில் வளர்ந்த பிள்ளைகளில் அநேகர் இன்று பிரிட்டன் தேசத்து மருத்துவமனைகளில் செவிலியராகவும், அலுவலகங்களில் கணினிப் பணியாளராகவும் இருக்கிறார்கள். இம்மாற்றம் நம்முடைய வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் தெரிகிறது. முன்பு மகனுடைய வேலைக்காகவும், பின்பு மகளுடைய விசாவுக்காகவும் ஜெபிக்கச் சொன்ன தாய்மார், இப்பொழுது, "பிள்ளைகள் அங்கே ஒரு பழைய கல் வீடு பார்த்திருக்கிறார்கள், அதற்காக ஜெபியுங்கள்" என்கிறார்கள்.

கைப்பேசியில் ஒரு படம் வருகிறது. பச்சைக் குன்றின் அடிவாரத்தில் தடித்த கற்சுவர்கள், கருநீலச் சிலேட்டுக் கூரை, முற்றத்தில் ஓர் ஆப்பிள் மரம். சில ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் வீடு. விலையைக் கேட்டால், மும்பைப் புறநகரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் கொடுப்பதைவிட அதிகம் என்று தோன்றவில்லை. "கொஞ்சம் பழுது பார்த்தால் போதும்" என்கிறார்கள் பிள்ளைகள். சில வாரங்கள் கழித்து அடுத்த தொலைபேசி அழைப்பு வருகிறது: "அப்பா, ஊரிலிருக்கிற வீட்டை விற்றால் எவ்வளவு வரும்?"

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கலாம். நாளை எழவும் கூடும். வீடு வாங்குவது பாவமல்ல. பாழானதை எடுத்துக் கட்டுவது நல்ல வேலையுங்கூட. ஆனால் ஒரு தலைமுறையின் சேமிப்பு முழுவதும் நாம் கண்ணால் காணாத ஒரு சுவருக்குள் போய்விடக் கூடுமானால், அதைக் குறித்துத் தெளிவான அறிவு நமக்கு வேண்டும். நம்முடைய பிள்ளைகள் அநேகர் பார்க்கும் வேல்ஸ் தேசத்துக் கல் வீட்டையே எடுத்துக்கொண்டு இதை ஆராய்வோம்.

எழுப்புதலின் தேசத்துக் கற்கள்

வேல்ஸ் என்னும் பெயர் நம்முடைய சபைகளுக்குப் புதிதல்ல. 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று, தென்மேற்கு வேல்ஸிலுள்ள லக்கர் என்னும் ஊரின் மோரியா ஆலயத்தில், சுரங்கத் தொழிலாளியாயிருந்து ஊழியத்துக்கென்று ஆயத்தமாகிக்கொண்டிருந்த எவன் ராபர்ட்ஸ் வாலிபர்களைக் கூட்டி ஜெபித்தார். அப்பொழுது அவருக்கு வயது 26. அங்கிருந்து பரவிய எழுப்புதலின் செய்தி கடல் கடந்தது. வேல்ஸ் மிஷனரிகள் 1841 முதல் உழைத்துவந்த காசி மலைநாட்டிலும், மகாராஷ்டிரத்தில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனிலும் 1905-இல் எழுப்புதல் உண்டாயிற்று. இன்றோ அந்தத் தேசத்தின் ஆலயங்களில் பல மூடப்பட்டுவிட்டன. சில விற்கப்பட்டு வீடுகளாக மாறிவிட்டன. நம்முடைய பிள்ளைகள் பார்க்கும் "பழைய கல் வீடு" ஒரு காலத்தில் ஜெபவீடாகவே இருந்திருக்கக் கூடும்.

அங்கே கல்லுக்குக் குறைவில்லை. பழைய வீட்டின் சுவர் அந்தந்த வட்டாரத்தில் கிடைத்த கல்லால் கட்டப்பட்டது. கூரையோ பெத்தெஸ்தா, பிளைனாய் ஃபெஸ்டினியோக் போன்ற ஊர்களில் வெட்டியெடுத்த சிலேட்டுப் பலகைகளால் வேயப்பட்டது. வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே அங்கே ஒரு பழைய வீட்டை வாங்குகிறவர் ஒரு தேசத்தின் கைவேலையையும் வாங்குகிறார். அதைப் பழுதுபார்க்குமுன் அதன் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும்.

சுவர் சுவாசிக்க வேண்டும்

இக்காலத்து வீட்டின் வெளிச்சுவரில் இரண்டு அடுக்குகளும் அவற்றின் நடுவே ஓர் இடைவெளியும் இருக்கும். வெளியடுக்கு நனைந்தாலும் ஈரம் உள்ளே வராது. ஆனால் 1919-க்கு முந்திய வீடுகளில் பெரும்பாலானவை திடச்சுவர் வீடுகள். ஏறக்குறைய இரண்டடி கனமுள்ள சுவரின் இருபுறமும் கல்லடுக்கு, நடுவே சிறு கற்களும் மண்ணும் சுண்ணாம்பும் கலந்த நிரப்பு. மழை பெய்தால் சுவர் சிறிது நனையும், காற்றடித்தால் உலரும். கற்களுக்கிடையே உள்ள சுண்ணாம்புக் காரையின் வழியாகவே அந்த ஈரம் வெளியேறுகிறது. இதைத்தான் சுவர் சுவாசிக்கிறது என்கிறார்கள்.

இது நமக்குத் தெரியாத பாடமல்ல. நம்முடைய தாத்தாக்களின் வீடுகளும் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவையே. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைக் குறித்து ஊரிலுள்ள வயதான கொத்தனாரைக் கேட்டுப்பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்.

கேடு எங்கே தொடங்குகிறது? போர்ட்லண்டு சிமெண்டுக்கு 1824-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வழங்கப்பட்டது. பின்வந்த நாட்களில் அது எங்கும் பரவிற்று. பழுதுபார்க்க வந்தவர்கள் பழைய காரையைச் சுரண்டிவிட்டு, கல்லிடுக்குகளில் சிமெண்டை அடைத்தார்கள். வெளிப்புறத்தையும் சிமெண்டால் பூசினார்கள். சிமெண்டில் மயிரிழை வெடிப்பு விழும். அதன் வழியே மழைநீர் உள்ளே போகும். ஆனால் வெளியேற வழியிராது. உள்ளே தேங்கிய ஈரம் உட்பூச்சை உதிர்க்கும், உத்தரங்களின் முனையை உளுக்கச் செய்யும். பனிக்காலத்தில் அதே ஈரம் உறைந்து விரிந்து கல்லின் முகத்தையே பெயர்த்தெறியும். காரையானது கல்லைவிட மென்மையாயிருக்க வேண்டும் என்பது பழைய கொத்தனாரின் விதி. விட்டுக்கொடுக்கிற காரை கல்லைக் காப்பாற்றும். விட்டுக்கொடாத காரை கல்லை உடைக்கும். குடும்பத்தில் பெரியவர்களாயிருக்கிற நமக்கும் இதில் பாடம் உண்டல்லவா?

ஆகவே பிள்ளைகள் அனுப்புகிற படத்தில் உட்சுவர் கறுத்திருந்தால், "ஓதம் ஏறுகிறது, மருந்து செலுத்தினால் சரியாகிவிடும்" என்று எவரேனும் சொல்லுவதை உடனே நம்பவேண்டாம். அடைபட்ட மழைநீர்க் குழாய், உடைந்த சிலேட்டு, தளத்தைவிட உயர்ந்துவிட்ட வெளிமண், காற்றோட்டமின்றி அடைக்கப்பட்ட புகைபோக்கி, சிமெண்டுப் பூச்சு ஆகிய இவற்றில் எது காரணம் என்று முதலில் பார்க்க வேண்டும். காரணத்தை நீக்காமல் மருந்து அடிப்பது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் நெற்றியில் தைலம் பூசுவதற்கு ஒப்பாகும்.

லேவியராகமம் கற்பிக்கும் ஒழுங்கு

கற்சுவரில் படரும் கேட்டைக் குறித்து வேதம் விரிவாகவே பேசுகிறது. லேவியராகமம் 14-ஆம் அதிகாரம் 33 முதல் 53 வரையுள்ள வசனங்களை வாசித்துப் பாருங்கள். சுவரிலே பச்சையும் சிவப்புமான குழிகள் தோன்றினால், வீட்டுக்காரன் ஆசாரியனிடம் போய் அறிவிக்க வேண்டும். ஆசாரியன் வருமுன் வீட்டிலுள்ளவற்றை வெளியேற்ற வேண்டும். அவன் பார்த்து, வீட்டை ஏழு நாள் அடைத்துவைத்து, மறுபடியும் வந்து பார்ப்பான். கேடு பரவியிருந்தால் அந்தக் கற்களை மாத்திரம் பெயர்த்து ஊருக்குப் புறம்பே கொட்டி, உட்புறத்தைச் சுரண்டி, வேறு கற்களும் வேறு சாந்தும் கொண்டு பூசவேண்டும். மீண்டும் வந்தால்தான் வீட்டை இடிக்க வேண்டும்.

இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். தகுதியுள்ளவர் ஒருவர் வந்து பார்க்கிறார், காத்திருக்கிறார், திரும்பவும் பார்க்கிறார், தேவையானதை மாத்திரம் நீக்குகிறார், பின்பு சோதிக்கிறார். கல் வீட்டைப் புதுப்பிக்கும் திட்டத்திற்கு இதைவிட நல்ல மாதிரி வேண்டியதில்லை.

பிரிட்டனில் அந்தப் பார்வையிடும் வேலையைச் செய்கிறவர் சர்வேயர். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரின் அறிக்கை வங்கியின் பணத்தைக் காப்பதற்கானது; அது வாங்குகிறவருக்காகச் செய்யப்படுவதன்று. பட்டயச் சர்வேயர்களின் சங்கம் மூன்று நிலை ஆய்வுகளை வைத்திருக்கிறது. பழைய கல் வீட்டுக்கு மூன்றாம் நிலையே ஏற்றது. அதிலும் சுண்ணாம்புக் கட்டடங்களில் அனுபவமுள்ளவரையே அமர்த்தவேண்டும். கூரைச் சட்டங்கள், சுவரின் சாய்வு அல்லது புடைப்பு, உத்தரங்களின் முனைகள், பூச்சியரிப்பு, மரத்தை உதிரச் செய்யும் பூஞ்சணம், பழைய மின்கம்பிகள், ஈயக் குழாய்கள், கழிவுநீர்த் தொட்டி ஆகிய ஒவ்வொன்றையும் பற்றி அவர் எழுத்தில் தரவேண்டும். முந்தின உரிமையாளர் இருபதாம் நூற்றாண்டில் செய்த மாற்றங்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது பிரிட்டனில் 1999-இல்தான் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. வேல்ஸின் சில பகுதிகளில் நிலத்திலிருந்து ரேடான் என்னும் கதிரியக்க வாயு வீட்டுக்குள் கசிகிறது. அதை அளக்கும் சிறு கருவியை மூன்று மாதம் வீட்டில் வைத்துச் சோதிக்கிறார்கள்.

நெகேமியா கேட்ட கடிதங்கள்

எருசலேமின் அலங்கத்தைக் கட்டப்போன நெகேமியா, புறப்படுமுன் ராஜாவிடம் எவ்வளவு காலம் ஆகும் என்று குறித்துச் சொன்னான். வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதங்கள் கேட்டான். மரங்களுக்காக வனக்காவலனுக்கு ஒரு கடிதமும் கேட்டான். எருசலேமுக்கு வந்தபின், ஒருவருக்கும் அறிவியாமல் இராத்திரியிலே அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தான். அதன்பின்புதான் "கட்டுவோம் வாருங்கள்" என்னும் அழைப்பு வந்தது (நெகேமியா 2-ஆம் அதிகாரம்). அனுமதி, காலம், பொருள், ஆய்வு ஆகிய நான்கும் அங்கே உண்டு.

வேல்ஸில் எந்தெந்தக் கடிதங்கள் தேவை? முதலாவது, அந்த வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கவேண்டும். அப்பட்டியலைக் காட்டு என்னும் அரசுத் துறை பராமரிக்கிறது. அதில் ஏறக்குறைய 30,000 கட்டடங்கள் இருக்கின்றன. பட்டியலிலுள்ள வீட்டின் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும், உள்ளே செய்தாலும் வெளியே செய்தாலும், தனி அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்வது குற்றவியல் குற்றம். இதற்கான சட்டம் 2023-இல் வேல்ஸுக்கென்றே புதிதாக இயற்றப்பட்டு, 2024 நவம்பர் 4 முதல் நடைமுறையிலுள்ளது. முந்தின உரிமையாளர் அனுமதியின்றிச் செய்ததைச் சரிசெய்யும்படி புதிதாக வாங்கினவருக்கு நோட்டீஸ் வரக்கூடும். ஆகவே பிளாஸ்டிக் ஜன்னல்களைக் கண்டவுடனே, "இதற்கு அனுமதி உண்டா?" என்று சொலிசிட்டர் மூலமாகக் கேட்கவேண்டும்.

இரண்டாவது, கட்டடத்தை விரிவாக்குவதற்கான திட்ட அனுமதி வேறு. பாதுகாப்பும் வெப்பக்காப்பும் சார்ந்த கட்டட விதிகளின் ஒப்புதல் வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்ததாகாது. மூன்றாவது, அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவரில் கைவைத்தால், 1996-ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி அண்டை வீட்டாருக்கு முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும்.

நான்காவது, கேட்கிறவர்களுக்கு நகைப்பாயிருக்கும், அது வெளவால். பிரிட்டனில் எல்லா வெளவால் இனங்களும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. கூரைக்குள் அவை தங்குமிடம் இருந்தால், அவை அப்பொழுது அங்கே இல்லாவிட்டாலும், அந்த இடத்தைக் கலைப்பது குற்றம். நிபுணர் வந்து பார்த்து, தேவையானால் மாலையில் அவை வெளிப்படுவதைக் கோடை மாதங்களில் கணக்கெடுக்க வேண்டும். அந்தப் பருவம் தப்பினால் அடுத்த ஆண்டு வரை கூரையைத் தொட முடியாமற் போகலாம். ஒரு சிறு பிராணி ஒரு குடும்பத்தின் கால அட்டவணையையே மாற்றிவிடும்.

உட்கார்ந்து எண்ணுங்கள்

கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவை எண்ணவேண்டும் என்று நம்முடைய ஆண்டவர் போதித்தார் (லூக்கா 14:28-30). நின்றுகொண்டு எண்ணும்படி அவர் சொல்லவில்லை. வேலை முடிந்து பேருந்துக்கு நிற்கும்போது மனதுக்குள் போடும் கணக்கு போதாது. கணவனும் மனைவியும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காரவேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். வேலைக்குக் கொத்தனாரும் தச்சரும் கேட்பது 80,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் வாட் என்னும் வரி 20 சதவீதம், அதாவது 16,000 பவுண்டு. வீடு இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ காலியாயிருந்தது என்று நிரூபிக்க முடிந்தால், பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர் செய்யும் தகுதியான வேலைகளுக்கு இவ்வரி 5 சதவீதமாகக் குறையும். அப்பொழுது 4,000 பவுண்டுதான். ஒரு சான்றிதழைத் தேடிப் பெற்றதினால் 12,000 பவுண்டு மிஞ்சக்கூடும். ஆனால் பழைய கல் வீட்டில் சுவரைத் திறந்தபின்புதான் உண்மை தெரியும். எனவே எதிர்பாராத செலவுக்கென்று 15 முதல் 20 சதவீதம் ஒதுக்குவது அனுபவமுள்ளவர்களின் வழக்கம். 84,000-க்கு 20 சதவீதம் 16,800. ஆக, 80,000 என்று தொடங்கியது 1,00,800 பவுண்டில் வந்து நிற்கிறது. சர்வேயர், கட்டடக் கலைஞர், வெளவால் நிபுணர், சொலிசிட்டர் ஆகியோரின் கட்டணமும், வேலை முடியும்வரை கொடுக்கும் வாடகையும் இன்னும் சேரவில்லை.

வேறு சில செலவுகள் கண்ணுக்கு மறைந்திருக்கும். சமையலறையும் குளியலறையும் இயங்காத வீட்டுக்குச் சாதாரண வீட்டுக்கடன் தர வங்கிகள் தயங்கும். 30 அல்லது 60 நாட்களுக்குமேல் காலியாயிருக்கும் வீட்டுக்குச் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் முழுப் பாதுகாப்புத் தராது. ஓராண்டுக்கு மேல் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு, வழக்கமான கவுன்சில் வரியின்மேல் 300 சதவீதம் வரை கூடுதல் விதிக்க 2023 ஏப்ரல் முதல் வேல்ஸ் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. வேலை தாமதமானால் இவை மூன்றும் ஒன்றாய்க் கூடி வரும்.

விசாவையும் மறவாதிருங்கள். நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெறாத பிள்ளை வேலையை இழந்தால், புதிய வேலையும் அனுமதியும் தேட அரசு சாதாரணமாய் 60 நாள் அவகாசமே தருகிறது. கூரை பிரிக்கப்பட்ட வீட்டை 60 நாளில் எவர் வாங்குவார்?

ஊரிலுள்ள வீட்டை விற்குமுன்

பெற்றோரே, இப்பகுதி உங்களுக்கானது. இந்தியாவில் வசிக்கும் ஒருவர், ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பிள்ளைகளுக்கு அன்பளிப்பாகவும் அனுப்பலாம். ஆனால் 2025 ஏப்ரல் முதல் உள்ள ஒழுங்கின்படி, இப்படிப்பட்ட நோக்கங்களுக்காக ஆண்டில் 10 இலட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீத வரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். 50 இலட்சம் அனுப்பினால், மிஞ்சிய 40 இலட்சத்துக்கு 8 இலட்சம் ரூபாய் தனியாக வேண்டும். வருமானவரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும். ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இராது. மேலும், பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விற்பனைப் பத்திரமும் வங்கிக் கணக்கும் காட்டும்படி அங்குள்ள சொலிசிட்டர் கேட்பார். வாய்ச்சொல் அங்கே செல்லாது.

இன்னொன்று பலர் அறியாதது. வேல்ஸில் வீடு வாங்கும்போது செலுத்தும் நிலப் பரிமாற்ற வரியில், ஏற்கெனவே வேறு வீடு உடையவர்களுக்கு உயர்ந்த விகிதம் உண்டு. அந்த "வேறு வீடு" உலகத்தில் எங்கிருந்தாலும் கணக்கில் வரும். 2024 டிசம்பர் 11 முதல் அந்த விகிதம் முதல் 1,80,000 பவுண்டுக்கு 5 சதவீதம். 1,40,000 பவுண்டு வீட்டுக்கு அது 7,000 பவுண்டு ஆகும். வேறு வீடில்லாதவருக்கோ அந்த விலையில் வரியே இல்லை. ஆகையால் நாசரேத்திலோ மார்த்தாண்டத்திலோ உள்ள வீடு மகளின் பேரிலோ மருமகனின் பேரிலோ எழுதப்பட்டிருந்தால், பங்காக இருந்தாலும், அதைச் சொலிசிட்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். விதிவிலக்குகள் உண்டு, அவற்றைச் சொல்லவேண்டியவர் அவரே.

வரிகளுக்கு அப்பாற்பட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. உங்களுடைய முதிர்வயதின் மருந்துச் செலவும், தங்குமிடமும் அந்தப் பணத்தில் அடங்கியிருக்குமானால், அதை முழுவதும் கொடுப்பது அன்பாகத் தோன்றும். ஆனால் பின்பு அது பிள்ளைகளுக்கே பாரமாகும். கடன்பட்டு ஜாமீன் நின்றவனுடைய படுக்கையும் எடுத்துக்கொள்ளப்படும் என்று நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. "எங்கள் குடியிருப்பையும் மருத்துவத்தையும் ஒதுக்கிவைத்து மிஞ்சினதைத் தருகிறோம்" என்று சொல்லுவது அன்பில்லாமையல்ல. பிள்ளைகளே, நீங்களும் அந்த வார்த்தையை உங்கள் தாய் தகப்பன் சொல்லவேண்டிய நிலைக்குத் தள்ளாமல், முதலாவது நீங்களே சொல்லுங்கள்.

முதலில் கூரை, பின்பு மற்றவை

வெளியில் வேலையை ஆயத்தப்படுத்திவிட்டு, அதன்பின் வீட்டைக் கட்டும்படி நீதிமொழிகள் 24:27 ஆலோசனை சொல்லுகிறது. ஒழுங்கு தவறினால் ஒரே வேலைக்கு இருமுறை பணம் கொடுக்க நேரிடும்.

கல் வீட்டில் முதல் வேலை மழையை வெளியே நிறுத்துவது: கூரை, புகைபோக்கி, மழைநீர்க் குழாய்கள். இரண்டாவது, வீட்டைச் சுற்றிய நீர் வடிகால், உயர்ந்த மண்ணை இறக்குதல். மூன்றாவது, சாய்ந்த சுவர், உளுத்த உத்தரம் போன்ற கட்டமைப்புப் பழுதுகள். நான்காவது, சிமெண்டை நீக்கிச் சுண்ணாம்புக் காரை இடுதல். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்களில் இவ்வேலை ஆகாது. வசந்தம் முதல் இலையுதிர் காலத் தொடக்கம்வரையே ஏற்ற பருவம். அதன்பின் சுவர் உலரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டடிச் சுவர் உலர மாதங்கள் ஆகும். பின்புதான் மின்கம்பி, குழாய், வெப்பக்காப்பு, உட்பூச்சு. வெப்பக்காப்பும் ஈரத்தை அடைக்காத மரநார்ப் பலகை போன்றதாயிருப்பது நலம். சமையலறை அலமாரியும் வண்ணப்பூச்சும் கடைசி. நம்முடைய பிள்ளைகளோ படங்களைப் பார்த்து, சமையலறையை முதலில் வாங்கிவிட விரும்புவார்கள்!

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். விசுவாசி என்றும் ஊர்க்காரர் என்றும் சொல்லிக்கொண்டு வருகிறவரானாலும், முழுப் பணத்தை முன்னதாகக் கொடுக்க வேண்டாம். முடிந்த வேலைக்கேற்பக் கட்டங்கட்டமாய்க் கொடுங்கள். எழுத்திலுள்ள ஒப்பந்தம் சகோதர சிநேகத்தைக் கெடுப்பதில்லை, அதைக் காப்பாற்றும்.

விசுவாசமா, துணிகரமா?

"இவ்வளவு கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் அல்லவா? கர்த்தர் காண்பித்த வீட்டை விசுவாசத்தினால் சுதந்தரிக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு வேதமே பதில் தருகிறது. 1 நாளாகமம் 28-ஆம் அதிகாரத்தில் தாவீது, ஆலயத்தின் மாதிரியைத் தன் குமாரனாகிய சாலொமோனிடம் கொடுக்கிறான். மண்டபம், அறைகள், பண்டகசாலைகள், ஒவ்வொரு பணிமுட்டுக்கும் வேண்டிய பொன்னின் நிறை, வெள்ளியின் நிறை ஆகிய எல்லாம் அதில் குறிக்கப்பட்டிருந்தன. இன்றைய ஒப்பந்தக்காரர் தரும் அளவுப் பட்டியலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அந்த மாதிரி ஆவியினால் உண்டானது என்றும், கர்த்தருடைய கரத்தினால் எழுத்தில் உணர்த்தப்பட்டது என்றும் அங்கே வாசிக்கிறோம். திட்டம் எழுதுவது ஆவிக்கு விரோதமானதானால், ஆவியானவர் ஏன் அதை எழுதக் கொடுத்தார்?

விசுவாசம் எண்ணிப் பார்த்தபின்பும் கர்த்தரைச் சார்ந்திருக்கிறது. துணிகரமோ எண்ண மறுத்துவிட்டு, பின்பு கர்த்தர்மேல் பழி போடுகிறது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதிக்கும்படி வந்த சோதனையை நம்முடைய ஆண்டவர் எப்படி மறுத்தார் என்று மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். பாதி பிரித்த கூரையின்கீழே, இரவுப் பணி முடிந்து வந்த மனைவியும், கடன் கடிதத்தைக் கையில் பிடித்த கணவனும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டும் நிலை வருமானால், அங்கே இடிவது கற்சுவர் மாத்திரமல்ல. கர்த்தர் வீட்டைக் கட்டாராகில் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா என்று 127-ஆம் சங்கீதம் போதிப்பதும் இதனாலேயே.

"வேண்டாம்" என்பதும் ஜெபத்துக்கு ஒரு பதிலே. ஆய்வறிக்கையைப் படித்து, ஒரு வீட்டை விட்டுவிடும் பிள்ளைகளை, விசுவாசம் குறைந்தவர்கள் என்று சபையில் ஒருவரும் சொல்லாதிருப்பார்களாக.

அண்டை வீட்டாரின் சமாதானம்

பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு, வீடுகளைக் கட்டிக் குடியிருக்கும்படியும், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படியும் எரேமியா எழுதினார் (எரேமியா 29:5-7). வீடு கட்டுவதும் ஊரின் நன்மையைத் தேடுவதும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன. வேல்ஸின் பல கிராமங்களில் மக்கள் இன்றும் வேல்ஷ் மொழி பேசுகிறார்கள். வெளியூரார் விடுமுறை வீடுகளை வாங்கிப் பூட்டிவைப்பதால் தங்கள் பிள்ளைகளுக்கு ஊரில் வீடு கிடைக்கவில்லை என்னும் வருத்தம் அங்கே உண்டு. தாய்மொழியைக் காத்துக்கொண்டு வேற்று மொழி நகரத்தில் வாழ்கிற நமக்கு அந்த வருத்தம் புரியாததா? ஆகவே அங்கே வாங்குகிறவர் குடியிருப்பதற்காக வாங்கட்டும். வேலை தொடங்குமுன் அண்டை வீட்டாரைப் போய்ப் பார்க்கட்டும். அவர்கள் மொழியில் வணக்கமும் நன்றியும் சொல்லக் கற்கட்டும். உள்ளூர்க் கொத்தனாருக்கு வேலை கொடுக்கட்டும். மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று அந்த ஊர் முதியவருக்குத் தெரியும்.

அருமையான வாசகரே, இந்த மாதத்தில் உங்கள் பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும்போது, கீழ்க்கண்ட கேள்விகளை அன்போடு கேளுங்கள். தகுதியுள்ள சர்வேயர் பார்த்தாரா? வீடு பட்டியலில் உள்ளதா? எதிர்பாராத செலவுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? வேலை முடியும்வரை எங்கே தங்குவீர்கள்? வேலை போனால் என்ன செய்வீர்கள்? தசமபாகமும் குடும்ப ஜெபமும் உங்கள் திட்டத்தில் எங்கே இருக்கின்றன? பதில்கள் எழுத்தில் இருந்தால் மகிழ்ச்சியோடு ஜெபித்து அனுப்புங்கள். இல்லாவிட்டால், "இன்னும் ஒரு குளிர்காலம் பொறுத்திருங்கள், அந்த வீடு மழையில் எப்படி இருக்கிறதென்று போய்ப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிற சுவர் இன்னும் ஆறு மாதம் நிற்கும்.

கர்த்தர் உங்கள் பிள்ளைகளின் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அவர்கள் கட்டும் வீட்டில் ஸ்தோத்திர சத்தம் ஓயாதிருப்பதாக. ஒருகாலத்தில் எழுப்புதலின் சத்தத்தைக் கேட்ட அந்தத் தேசத்துக் கற்சுவர்கள், நம்முடைய பிள்ளைகளின் ஜெபத்தையும் கேட்கும்படி கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.